காது மூக்கு தொண்டை மாநாடும் எரியோட்டு மில் தொழிலாளியும்

(எரியோட்டில் நடந்த மருத்துவர் அணி கலந்துரையாடலில், காது மூக்கு தொண்டை மருத்துவரான மாவட்ட நிர்வாகி ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், மில்லில் வேலை பார்க்கும் உறவுகளுக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.)



இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை படிக்கிற பி.ஜி. மாணவர்களுக்கான மாநாடுகள். நோட்டீஸைப் பார்த்துட்டு நம்ம கிளைச் செயலாளர் ஒருத்தர் போன் பண்ணினார். "அண்ணே, டாக்டருங்க ஏ.சி. ஹால்ல கூடி இங்கிலீஷ்ல பேசிட்டுப் போறாங்க. அதுக்கும் எரியோட்டுக்கும் என்ன சம்பந்தம்? தண்ணி, ரோடு, சம்பளம்னு பேசலாமே"ன்னார்.

நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

முதல்ல நம்ம ஊரைக் கொஞ்சம் சுத்திப் பார்ப்போம். வேடசந்தூர் தாலுகா முழுக்க நூற்பாலை. காலையில மூணு மணிக்குக் கூட மில் பஸ் ஓடுது. நம்ம வீட்டுப் பொண்ணுங்க, பசங்க, அக்கம்பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைங்க, இப்போ வடநாட்டுத் தம்பிங்க எல்லாரும் ரிங் பிரேம், சிம்ப்ளெக்ஸ், ஆட்டோ கோனர்னு அந்தச் சத்தத்துக்குள்ள எட்டு மணி நேரம் நிக்கிறாங்க. ஓவர்டைம் பார்த்தா அதுக்கும் மேல. அது காது.

வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை தலைமுறை தலைமுறையா விளையுது. மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தோட கிளை 1948லேயே வேடசந்தூருக்கு வந்துடுச்சு. புகையிலை பயிரிட்டுப் பிழைச்ச விவசாயியை நான் குறை சொல்லலை. ஆனா வெத்தலை பாக்கோட அந்த இலையை அடக்கி வெச்சுக்கிட்ட நம்ம அப்பத்தா, தாத்தா எத்தனை பேருக்கு வாயில புண்ணு, தொண்டையில கட்டி? அது தொண்டை.

மில்லுல பஞ்சுத் தூசி. வேலை முடிஞ்சு வெளிய வந்தா ரோட்டுப் புழுதி. தும்மல், மூக்கடைப்பு, தலைபாரம். அது மூக்கு.

ஆக, காது மூக்கு தொண்டை டாக்டரோட பாடப் புத்தகத்தை எடுத்தா அதுல பாதி நம்ம தாலுகாவுலயே நடமாடுது. அந்தப் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை எங்கே, யார்கிட்ட, எப்படிக் கத்துக்கிறாங்கிறது நம்ம பிரச்சினை இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

■ ஒரு இ.என்.டி. டாக்டர் எப்படி உருவாகிறார்?

எம்.பி.பி.எஸ். முடிச்சு, நீட் பி.ஜி. எழுதி, எம்.எஸ். இ.என்.டி. சேர்ந்தா மூணு வருஷம். நமக்குப் பக்கத்துல மதுரை மருத்துவக் கல்லூரி இருக்கு, 1954ல தொடங்கினது. திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகள்ல நம்மளதும் ஒண்ணு. அந்தப் பதினொண்ணும் சேர்ந்து 1450 எம்.பி.பி.எஸ். இடம். நம்ம பிள்ளைங்க டாக்டர் ஆகிறதுக்கு வாசல் திறந்திருக்கு. அந்த வாசலைத் தாண்டினதுக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

காது ஆபரேஷன்னா என்னன்னு ஒரு நிமிஷம் சொல்றேன். காதுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாருங்க, ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். காதுக்குள்ள ரொம்ப நாளா சீழ் வந்து எலும்பை அரிச்சா, அந்த மேட்டை டிரில் வெச்சுக் குடைஞ்சு சுத்தம் பண்ணணும். அதுக்குள்ளதான் முகத்தை அசைக்கிற நரம்பு வளைஞ்சு போகுது. கொஞ்சம் தள்ளி மூளையோட உறை. இன்னொரு பக்கம் பெரிய ரத்தக் குழாய். தூரமெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. டிரில் கொஞ்சம் வழுக்கினா முகம் ஒரு பக்கம் கோணிடும். உள்ளே இருக்கிற அங்கவடி எலும்பு மனுஷ உடம்புலயே சின்ன எலும்பு. ஒரு அரிசி மணியை விடச் சின்னது. அதையும் ஆபரேஷன் பண்றோம்.

இதை யார் மேல பழகுறது? உயிரோட இருக்கிற நம்ம ஆத்தா மேலயா? கூடாது. தானமா வந்த உடலோட காதெலும்பை எடுத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வெச்சு, திரும்பத் திரும்பக் குடைஞ்சு பழகணும். அதுக்குப் பேரு டெம்பொரல் போன் டிசெக்‌ஷன். மூக்குக்குள்ள எண்டோஸ்கோப் விட்டு ஆபரேஷன் பண்ணப் பழக ஆட்டுத்தலை வெச்சுக்கூடப் பயிற்சி நடக்குது. சிரிக்காதீங்க! அய்யலூர்ச் சந்தையில வியாழக்கிழமை வாங்குற அதே ஆடுதான். அதோட மூச்சுக்குழாய்ல, மூச்சுத் திணறி வர்றவங்களுக்குக் கழுத்துல துளை போடுற ஆபரேஷனையும் பழகுறாங்க.

இந்த வசதி எல்லாக் கல்லூரியிலயும் ஒரே மாதிரி இருக்கா? இல்லை. நல்ல லேப் இருக்கிற இடம் சிலது. மீதி இடத்துப் பிள்ளைங்க எங்கே கத்துக்குவாங்க? இங்கதான் மாநாடு, பயிற்சிப் பட்டறை, மாதாந்திரக் கூட்டம் எல்லாம் வருது.

■ மாநாட்டில் என்னதான் நடக்கிறது?

இந்திய காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம், சுருக்கமா ஏ.ஓ.ஐ., வருஷா வருஷம் ஒரு தேசிய மாநாடு நடத்துது. ஏ.ஓ.ஐ.கான்னு பேரு. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஊர். அதுபோக மாநிலக் கிளைகள், நகரக் கிளைகள் நடத்துற கூட்டங்கள் தனி.

அங்கே பி.ஜி. மாணவர் ஒரு கட்டுரை வாசிப்பார். அஞ்சு நிமிஷமோ எட்டு நிமிஷமோதான் கிடைக்கும். கீழே உட்கார்ந்திருக்கிறவங்க முப்பது வருஷம் கத்தி பிடிச்சவங்க. "தம்பி, இந்த நோயாளிக்கு ஏன் முதல்லயே ஸ்கேன் எடுக்கலை?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்வி அவர் ஆயுசுக்கும் மறக்காது. அடுத்து வர்ற ஆயிரம் நோயாளிக்கு அந்தக் கேள்விதான் காவல். பக்கத்து அரங்கத்துல ஒரு மூத்த சர்ஜன் செய்ற ஆபரேஷனைத் திரையில நேரலையா காட்டுவாங்க. இன்னொரு அறையில காதெலும்பு டிரில். வராந்தாவுல போஸ்டர். சாயங்காலம் வினாடி வினா.

இது விருப்பப்பட்டாப் போற இடம் மட்டும் இல்லை. எம்.எஸ்., எம்.டி. படிக்கிறவங்க தேசிய அல்லது மாநில அளவிலான மாநாட்டுல போஸ்டர் வைக்கிறதையும் கட்டுரை வாசிக்கிறதையும், ஆய்விதழ்ல கட்டுரை வெளியிடுறதையும் இறுதித் தேர்வு எழுதத் தகுதியோட சேர்த்து வெச்சிருக்கு மருத்துவக் கல்வி விதி. ஆக மாநாடுங்கிறது படிப்போட ஒரு பகுதி. அதை யாரும் சுற்றுலான்னு சொல்லித் தள்ளிவிட முடியாது.

சரி, கூடிப் பேசினா என்ன பெரிசா மாறிடும்? வரலாறைப் பாருங்க.

உயிரோட இருக்கிற மனுஷனோட குரல்வளை அசையறதை முதன்முதலா ஒழுங்காப் பார்த்துச் சொன்னவர் டாக்டரே இல்லை. மானுவேல் கார்சியான்னு ஒரு பாட்டு வாத்தியார். 1854ல பாரிஸ் நகரத்துல, பல் டாக்டர் வெச்சிருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, சூரிய வெளிச்சம், இன்னொரு கைக்கண்ணாடி. அவ்வளவுதான் கருவி. தன்னோட குரல்நாண் திறந்து மூடுறதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம், 1855ல, லண்டன் ராயல் சொசைட்டியில அதைக் கட்டுரையாக் கொடுத்தார். அதோட விட்டிருந்தா ஒரு வேடிக்கைச் செய்தியா முடிஞ்சிருக்கும். செர்மாக்னு ஒரு டாக்டர் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு ஐரோப்பா முழுக்க ஊர் ஊராப் போய், டாக்டருங்க முன்னாடி செஞ்சு காட்டினார். அப்புறம்தான் தொண்டை மருத்துவம்னு ஒரு துறையே எழுந்தது. கண்டுபிடிப்பு ஒருத்தரோடது. அதை நோயாளிகிட்ட கொண்டுபோய்ச் சேர்த்தது கூட்டம்.

காது டாக்டருங்க உலக அளவுல முதன்முதலா ஒண்ணு கூடினது 1876ல, நியூயார்க்ல. மூக்குக்குள்ள எண்டோஸ்கோப் விட்டு சைனஸ் ஆபரேஷன் பண்ற முறை ஆஸ்திரியாவுல கிராட்ஸ்னு ஒரு நகரத்துல வளர்ந்தது. 1980கள்ல அதை உலகம் முழுக்கப் பரப்பினது பயிற்சி வகுப்புகள்தான். இன்னைக்குத் திண்டுக்கல்ல ஒருத்தருக்கு மூக்குச் சதையை முகத்துல வெளித் தழும்பு இல்லாம எடுக்கிறோம்னா, அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு வகுப்புல உட்கார்ந்து கத்துக்கிட்டு வந்தது இருக்கு.

ரொம்ப தூரம் போக வேண்டாம். 2021ஐ நினைச்சுப் பாருங்க. கொரோனா ரெண்டாவது அலை. ஆக்சிஜனுக்கு அலைஞ்சு பிழைச்சு வந்தவங்களுக்கு, அதுவும் சர்க்கரை இருக்கிறவங்களுக்கு, கண்ணு வீங்கி, மூக்குக்குள்ள கறுப்பா வந்தது. கரும்பூஞ்சை. மே மாசம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்னு ஆணை போட்டது. அதுவரைக்கும் ஒரு பி.ஜி. மாணவர் மூணு வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ பார்த்திருந்தா அதிகம். திடீர்னு வார்டு நிறைய. எப்படிச் சமாளிச்சாங்க? ராத்திரி பத்து மணிக்கு மேல ஆன்லைன்ல கூடினாங்க. "எங்க ஊர்ல இப்படி ஆரம்பிச்சுது, இந்த இடத்துல முதல்ல பாருங்க, இவ்வளவு தூரம் வெட்டி எடுங்க, மருந்து இப்படிக் கொடுங்க"ன்னு ஒரு ஊர் அனுபவம் மறுநாள் காலையில இன்னொரு ஊர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போச்சு. முன் வரிசையில நின்னது இருபத்தஞ்சு முப்பது வயசுப் பிள்ளைங்க. அன்னைக்கு அந்தக் கூட்டங்களை யாரும் ஏ.சி. ஹால் வேடிக்கைன்னு சொல்லலை. அது உயிர் காத்த கூட்டம்.

■ நம்ம ஊர் மேசைக்கு வராத நம்ம ஊர் நோய்

இப்போ என் ஆதங்கத்தைச் சொல்றேன்.

நான் பி.ஜி. படிச்ச காலத்துல முதல் கட்டுரை வாசிக்க வெளி மாநிலத்துக்குப் போனேன். பதிவுக் கட்டணம் கைக்காசு. அன்ரிசர்வ்டு பெட்டியில ராத்திரி முழுக்க நின்னுட்டே போனேன். முதல் நாள் ராத்திரி டியூட்டி, திரும்பி வந்த அன்னைக்கே மறுபடியும் டியூட்டி. லீவு கேட்டதுக்கு என் துறையில வாங்கின பேச்சு இன்னும் காதுல இருக்கு. அந்தக் கல்லூரி பேரு வேண்டாம். அந்த ஒரு இடம்னு இல்லை, பல இடத்துலயும் அதுதான் நிலைமை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு விமான டிக்கெட். கூலித் தொழிலாளி வீட்டுல இருந்து படிச்சு வந்த பிள்ளைக்கு இது ஒரு மாசச் சாப்பாட்டுக் காசு.

முன்னாடியெல்லாம் மருந்துக் கம்பெனி டிக்கெட் போட்டுக் கொடுக்கும். அது தப்பு. கம்பெனிக் காசுல போறவர் கம்பெனி மருந்தைத்தான் எழுதுவார், அந்தக் காசு கடைசியில நோயாளி சட்டைப் பையில இருந்துதான் போகும். டாக்டர்கள் அதை வாங்கக் கூடாதுன்னு மருத்துவக் கவுன்சில் 2009லயே விதி போட்டது. பேச்சாளரா இல்லாத டாக்டருக்குப் பயணச் செலவோ தங்கும் செலவோ கொடுக்கக் கூடாதுன்னு 2024 மார்ச்ல மருந்துக் கம்பெனிகளுக்கு நெறிமுறை வந்தது. இது சரிதான். நாம வரவேற்கிறோம். ஆனா ஒரு கதவைச் சாத்தினா இன்னொரு கதவைத் திறக்கணும் இல்லையா? படிப்புக்கு மாநாட்டையும் விதி கேக்குது. கம்பெனி கொடுக்கக் கூடாது. கல்லூரியும் கொடுக்காது. அப்போ யாரு கொடுக்கிறது? பிள்ளையோட அப்பன் கடன் வாங்கித்தான் கொடுக்கணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. உண்மையைப் பேசத்தான் மேடை. எல்லா மாநாடும் பொன்னு இல்லை. காலையில கையெழுத்துப் போட்டுட்டு ஊர் சுத்தப் போறவங்க உண்டு. சான்றிதழுக்காக ஒரே போஸ்டரைப் பேரை மாத்திப் போடுறவங்க உண்டு. அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி வேணும்னு விதி சொன்னா, மணியை மட்டும் எண்ணுறவங்க உண்டு. அதைச் சரி பண்ணணும்.

ஆனா என்னை ரொம்ப உறுத்துறது வேற. நம்ம ஊர் நோய் அந்த மேசைக்குப் போதுமான அளவு வர்றதில்லை. அபூர்வமான கட்டி பத்தி ஒரு கட்டுரை வாசிச்சா கை தட்டு. ரிங் பிரேம்ல பத்து வருஷம் நின்ன பொண்ணோட காதைப் பத்தி யார் வாசிக்கிறது?

தங்கைகளே, இதைக் கவனமாக் கேளுங்க. காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு. அதுக்குள்ள மயிரிழை செல்கள் இருக்கு. சத்தத்தை மூளைக்குச் சொல்ற தந்தி ஆபீஸ் அதுதான். விடாம அடிக்கிற சத்தம் அந்தச் செல்களைக் கொல்லும். செத்த செல் திரும்ப முளைக்காது. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. முதல்ல 4000 ஹெர்ட்ஸ்ங்கிற கூர்மையான சத்தத்துலதான் பள்ளம் விழும். அதனால ஆரம்பத்துல தெரியவே தெரியாது. "கேக்குது, ஆனா புரியலை"ம்பாங்க. காலா பாலான்னு குழப்பம் வரும். ஆம்பளைக் குரல் புரியும், குழந்தை பேசுறது புரியாது. ராத்திரி படுத்தா காதுக்குள்ள கொய்ங்னு இரைச்சல். வீட்டுல "கூப்பிட்டாக் கூட திரும்பிப் பாக்க மாட்டேங்குறா, திமிரு"ன்னு பேச்சு. திமிரு இல்லைங்க அது. காது போயிடுச்சு.

சட்டம் இல்லாம இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. 95 ஆனா நாலு மணி நேரம், 100 ஆனா ரெண்டு மணி நேரம், 105 ஆனா ஒரே மணி நேரம். இரைச்சலால் வர்ற செவித்திறன் குறைவு, சட்டப்படி டாக்டர் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். சட்டப்படி அது தொழில் சார்ந்த நோயும்கூட. அதாவது இழப்பீடு கேட்கிற உரிமை உண்டு. ஆனா டாக்டர் அறிக்கை எழுதினாத்தானே இழப்பீடு? அறிக்கை எழுத, இப்படி ஒரு விதி இருக்குன்னு அந்த டாக்டருக்குப் படிக்கிற காலத்துலயே யாராவது சொல்லியிருக்கணும் இல்லையா? கத்துக்கொடுக்க வேண்டிய மேடைதான் மாநாடு. கட்டுரை இல்லேன்னா கணக்கு இல்லை. கணக்கு இல்லேன்னா நோயே இல்லைன்னு அதிகாரி எழுதிடுவார்.

புகையிலைக்கும் இதே கதைதான். மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியா இருந்தா, வாய்ப்புண் ஆறாம இருந்தா, உடனே காட்டணும். ஆரம்பத்துல பிடிச்சா குரலோட காப்பாத்தலாம். நாள் தள்ளினா குரல்வளையையே எடுக்க வேண்டி வரும். குட்கா தமிழ்நாட்டுல 2013ல இருந்து தடை. பெட்டிக் கடையில கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்.

குழந்தைகளைப் பத்தியும் சொல்லணும். காது கேட்காமப் பிறக்கிற குழந்தைக்கு ஒரு மாசத்துக்குள்ள பரிசோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம். இதுதான் உலகம் ஏத்துக்கிட்ட கணக்கு. 1978ல ஆஸ்திரேலியாவுல கிரீம் கிளார்க் பொருத்தின பல அலைவரிசைக் காக்ளியர் இம்ப்ளான்ட், இன்னைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குட்பட்ட ஏழைக் குழந்தைக்கும் கிடைக்குது. சென்னையில டாக்டர் மோகன் காமேஸ்வரன் மாதிரியானவங்க இந்த சிகிச்சையை இங்கே வேரூன்ற வெச்சாங்க. ஆனா "பையன் லேட்டாப் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்"னு அப்பத்தா சொல்றதைக் கேட்டு ஏழு வயசுல கூட்டிட்டு வந்தா, எங்க கையில என்ன இருக்கு? நிலக்கடலை மூச்சுக்குழாய்ல சிக்கின பிள்ளை, பொம்மையில இருக்கிற பட்டன் பேட்டரியை மூக்குல திணிச்ச பிள்ளை. அந்தப் பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே திசுவை அரிக்க ஆரம்பிச்சிடும். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. ராத்திரி டியூட்டியில இருக்கிற பி.ஜி. மாணவர் எங்கேயோ ஒரு கூட்டத்துல இதைக் கேட்டிருந்தா, அந்த ராத்திரியே எடுப்பார். கேட்காதவர் காலையில வாங்கம்பார். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு குழந்தையோட மூக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2021ல செவித்திறன் பத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்துல 150 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவுல காது கேட்பதில் குறை. அதுல 43 கோடிப் பேருக்கு சிகிச்சையோ கருவியோ தேவை. கண்ணுக்கு நம்ம மதுரையில 1976ல பதினொரு படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி அரவிந்தைத் தொடங்கி, கண் முகாம்னா கிராமத்துக்கே தெரியுற அளவுக்கு ஆக்கிக் காட்டினார். காதுக்கு அப்படி ஒரு இயக்கம் இன்னும் வரலை. ஏன் நம்ம மாவட்டத்துல இருந்து வரக் கூடாது?

■ நம் கோரிக்கைகள்

ஆட்சியில யார் இருந்தாலும் நாம கேட்கப் போறது இதைத்தான்.

ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி பி.ஜி. மாணவர் ஒவ்வொருத்தருக்கும், படிப்புக் காலத்துல ஒரு மாநில மாநாட்டுக்கும் ஒரு செய்முறைப் பட்டறைக்கும் பதிவுக் கட்டணமும் பயணப்படியும் அரசே தரணும். அந்த நாள் பணி நாளாகக் கணக்காகணும். லீவுக்குக் கையேந்தக் கூடாது.

இரண்டு. தென் மாவட்டங்களுக்குப் பொதுவா, வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற ஒரு காதெலும்புப் பயிற்சிக் கூடம் வேணும். மாநாடு நடக்கிற மூணு நாள் மட்டும் டிரில் பிடிச்சா கை பழகாது.

மூன்று. மூணு மாசத்துக்கு ஒரு தரம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில மாவட்ட அளவுல காது மூக்கு தொண்டைக் கூட்டம். பி.ஜி. மாணவர், தனியார் டாக்டர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், இ.எஸ்.ஐ. டாக்டர் எல்லாரும் ஒரே மேசையில. பெரிய ஓட்டல் வேண்டாம். கல்லூரி அரங்கமும் ஒரு டீயும் வடையும் போதும்.

நான்கு. பி.ஜி. மாணவர் எல்லாரும் மூணு மாசம் மாவட்ட மருத்துவமனையில வேலை பார்க்கணும்னு 2020ல இருந்து விதி இருக்கு. மாவட்ட உறைவிடப் பயிற்சின்னு பேரு. அந்த மூணு மாசத்துல இ.என்.டி. மாணவர்களை நூற்பாலைக்கு அனுப்புங்க. ஆடியோமெட்ரி வண்டியோட போகட்டும். வேலைக்குச் சேர்றப்போ ஒரு காதுப் பரிசோதனை, வருஷா வருஷம் ஒண்ணு. பேரை மறைச்சு, அந்தக் கணக்கை மாநில மாநாட்டுல கட்டுரையா வைக்கட்டும். பிள்ளைக்குத் தேர்வுத் தகுதியும் ஆச்சு, தொழிலாளிக்கு ஆதாரமும் ஆச்சு.

ஐந்து. ஒவ்வொரு மாநில மாநாட்டுலயும் ஒரு அமர்வு தமிழ்ல நடக்கணும். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மில் தொழிலாளிகளை உட்கார வெச்சு. காதுல காய்ச்சின எண்ணெய் ஊத்தாதீங்க, ஹேர்பின் விடாதீங்க, சீழ் வந்தா நாத்தம்னு ஒளிக்காதீங்கன்னு சொல்ல இங்கிலீஷ் எதுக்கு?

இதுல எது நடக்க முடியாத காரியம்? கோடிக் கணக்குல கேட்கலை. ஏற்கெனவே இருக்கிற கல்லூரி, ஏற்கெனவே இருக்கிற விதி, ஏற்கெனவே வர்ற மாணவர். இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோக்க மனசு வேணும், ஒரு அரசாணை வேணும். கோரிக்கை மனு தயாரா இருக்கு. மாவட்ட ஆட்சியர்கிட்டயும் கல்லூரி முதல்வர்கிட்டயும் நம்ம மருத்துவர் அணி நேர்ல கொடுக்கும்.

■ நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும்னு நாம சும்மா உட்காரக் கூடாது. கிளைக்கு ரெண்டு பேர் இந்த வேலையை எடுத்துக்கோங்க.

மில்லுல அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை பார்க்கிறவங்க பட்டியல் எடுங்க. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கான்னு பாருங்க. காதுப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டை பத்திரமா வைக்கச் சொல்லுங்க. மில்லுல காதடைப்பான் கொடுத்தா அதைப் போடச் சொல்லுங்க, கொடுக்கலைன்னா கேட்கச் சொல்லுங்க. ஒருத்தர் தனியாக் கேட்டா வேலை போயிடும்ங்கிற பயம் இருக்கும். பத்துப் பேரா கேளுங்க, நாங்க பின்னால நிக்கிறோம்.

உங்க தெருவுல ரெண்டு வயசாகியும் பேசாத குழந்தை இருந்தா, ஜோசியரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. ஆறு வயசுங்கிற கெடுவை மறக்காதீங்க.

உடல் தானம் பத்தி வீட்டுல பேசுங்க. செத்த பிறகு மண்ணுக்கோ நெருப்புக்கோ போற இந்தக் காதெலும்பு, ஒரு பிள்ளை டிரில் பழகக் கிடைச்சா, நூறு பேர் முகம் கோணாமப் பிழைக்கும். நான் எழுதிக் கொடுத்துட்டேன். விருப்பம் இருக்கிறவங்க வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க. இதுல யாருக்கும் கட்டாயம் இல்லை.

முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சி, மாநாட்டுக்குப் போங்க. கண்டிப்பாப் போங்க. மேடை ஏறுங்க, கேள்விக்குப் பயப்படாதீங்க. ஆனா அபூர்வ நோயைத் தேடி அலையாதீங்க. கரூர் ரோட்டுல மில் பஸ்ஸை நிறுத்தி, இறங்குறவங்ககிட்ட பேசிப் பாருங்க. வடமதுரையில இருந்து குஜிலியம்பாறை வரைக்கும் உங்களுக்கான கட்டுரை ஷிப்ட் ஷிப்ட்டா நடந்து போய்க்கிட்டிருக்கு. அதை எழுதுங்க. உங்களுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கலைன்னா எங்ககிட்ட சொல்லுங்க, அந்தச் சண்டையை நாங்க போடுறோம்.

மார்ச் 3 உலக செவித்திறன் நாள். வர்ற மார்ச் 3க்குள்ள எரியோடு, வேடசந்தூர், வடமதுரை மூணு இடத்துலயும் மில் தொழிலாளர்களுக்குக் காதுப் பரிசோதனை முகாம் நடத்தணும்னு இந்தக் கூட்டத்துல தீர்மானம் முன்மொழியிறேன். வழிமொழியிறவங்க கையைத் தூக்குங்க.



(தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முகாமில் தன்னார்வலராகச் சேர விரும்பும் தோழர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.)

#எரியோடு #வேடசந்தூர் #காதுகாப்போம் #மருத்துவர்அணி